நிரல் மாறிய மக்கள்: சப்பிரகமுவாத் தோட்டங்களின் தொகைக் கணக்குப் பற்றி

மலைநாட்டுத் தமிழரைக் குறித்து எழுதப்பெறும் கட்டுரைகளிலும் மேடைகளில் நிகழ்த்தப்பெறும் சொற்பொழிவுகளிலும் ஒரு கணக்குத் தவறாது இடம்பெறும். 1971ஆம் ஆண்டில் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981ஆம் ஆண்டில் 818,656 ஆகக் குறைந்தது; பத்தாண்டிற்குள் நூற்றுக்கு முப்பது வீதம் தேய்ந்தது என்பதே அக்கணக்கு. அண்மையில் அதனோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது. 2012இல் 839,504 ஆக இருந்த அத்தொகை, 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் ஏறத்தாழ ஆறு இலட்சமாக இறங்கிற்று. இவ்வீழ்ச்சி நூற்றுக்கு இருபத்தெட்டு அளவினது. இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தி, அன்று நேர்ந்ததே இன்றும் நேர்கின்றது என முடிவு கூறுவாருளர். வீழ்ச்சிகள் அளவில் ஒத்திருத்தலால் காரணமும் ஒன்றே எனக் கொள்ளும் இம்முறை பிழையானது என்பதை, உயர்ந்த கணிதம் எதுவுமின்றி, எட்டாம் வகுப்பு மாணவன் அறிந்த நூற்றுவீதக் கணக்கைக் கொண்டே காட்டலாம்.

முதலிலே 1971–1981 காலத்தை நோக்குவோம். இக்காலத்தில் இலங்கையின் முழுச் சனத்தொகையும் 12,689,897 இலிருந்து 1 கோடியே 48 இலட்சத்தைத் தாண்டியது. பெருக்கம் நூற்றுக்கு 17. இந்தியத் தமிழரும் அவ்வீதத்திற் பெருகியிருப்பின் 1981இல் 13 இலட்சத்து 74 ஆயிரம் பேர் இருந்திருத்தல் வேண்டும். எண்ணப்பட்டோரை அதிலிருந்து கழிக்கக் குறைவு 5 இலட்சத்து 55 ஆயிரம் ஆகின்றது. பலர் இவ்விடத்திலேயே எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். அதே அட்டவணையில் அடுத்த நிரலைப் பார்த்தாரில்லை.

அடுத்த நிரல் இலங்கைத் தமிழருடையது. அது 1,423,981 இலிருந்து 1,886,872 ஆக, நூற்றுக்கு 32.5 வீதம் உயர்ந்துள்ளது. நாடு முழுவதும் 17 வீதம் பெருகிய காலத்தில் ஒரு சமூகம் மாத்திரம் பிறப்பினால் அதன் இருமடங்கு அளவிற் பெருகுதல் இயலாது. 17 வீதத்திற்கு மேற்பட்ட மிகுதி ஏறக்குறைய 2 இலட்சத்து 20 ஆயிரம். இவர்கள் பெரும்பாலும் ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு மாறி எழுதப்பட்டோர் எனக் கொள்வதே பொருத்தமாகும். ஆகவே 5 இலட்சத்து 55 ஆயிரத்தில் இவர்களை நீக்க, உண்மையாகவே நாட்டினின்றும் குறைந்தோர் 3 இலட்சத்து 35 ஆயிரமளவில் நிற்பர். 1964 அக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படியும் அதனைத் தொடர்ந்த 1974ஆம் ஆண்டு இணக்கத்தின்படியும் கடல் கடந்தோரே இக்குறைவின் பெரும்பகுதி. தோட்டங்களில் 1973–74ஆம் ஆண்டுகளில் நிலவிய பஞ்சமும் அதனால் மிகுந்த இறப்பும் இதனுள் அடங்கும். யாவருக்கும் ஒரே பெருக்க வீதத்தைக் கொண்டமையால் இது பருமட்டான கணக்கே. ஆயினும் 5 இலட்சத்திற்கும் 3 இலட்சத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு பருமட்டினால் மறையக்கூடியதன்று.

இனி 2012–2024 காலம். இக்காலத்தில் உடன்படிக்கையும் இல்லை, தலைமன்னார்க் கப்பலும் இல்லை. இரு நிரல்களையுங் கூட்டிப் பார்த்தால் 1971இல் தமிழர் முழுத்தொகையில் நூற்றுக்கு 20.5 ஆகவும் 1981இல் 18.2 ஆகவும் இருந்தனர்; அது மெய்யான இழப்பு. அதே கூட்டுத்தொகை 2012இல் 15.3, 2024இல் 15.1. கூட்டு அசையாது நிற்க, அதன் ஓர் உறுப்பு மட்டும் கால்பங்கிற்கு மேல் இளைத்ததெனின், மக்கள் போகவில்லை, பெயரே போயிற்று என்பது தெளிவு. இந்தியத் தமிழர் என்பதன் அருகே மலையகத் தமிழர் என்ற பெயரையுஞ் சேர்த்தே 2024இல் அந்நிரல் அமைக்கப்பட்டது; அவ்வாறு அமைத்தும் இவ்வீழ்ச்சி நேர்ந்துள்ளது.

இந்நிரல் தானாக முளைத்ததன்று. 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலேயே தமிழர் இலங்கையர், இந்தியர் என முதன்முறை பிரித்தெழுதப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் 'இந்திய' என்னும் அடைமொழி வெறும் பூர்வீகத்தைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. வாக்கில்லாதவன், அனுப்பப்படக் கூடியவன் என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. குடியுரிமை பெற்ற ஒருவர் அச்சொல்லை உதறியதிற் குற்றங் காண்பது எங்ஙனம்? குற்றம் அவரிடத்ததன்று, நிரலை மக்களென மயங்கும் ஆராய்ச்சியாளனிடத்ததே.

சப்பிரகமுவாவில் இம்மயக்கம் ஏனைய இடங்களிலும் பார்க்கக் கூடிய கேடு விளைக்கும். நுவரெலியாவிலே தமிழர் செறிந்து வாழ்கின்றனர். ஒரு நிரல் பிழைத்தாலும் அவர்களது இருப்பு மறையாது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. 2012இல் இரத்தினபுரி மாவட்டத்தின் ஏறத்தாழ 10 இலட்சத்து 88 ஆயிரம் மக்களுள் இந்தியத் தமிழர் அறுபதினாயிரத்திற்குச் சற்று மேல். இலங்கைத் தமிழர் ஐம்பதினாயிரத்திற்குச் சற்று மேல். இவ்வைம்பதினாயிரவரும் வடக்கிலிருந்து வந்த வணிகரும் உத்தியோகத்தருந்தாம் என எவரும் நம்பார். முதலாவது நிரலை மாத்திரம் காட்டித் தமிழ்ப் பாடசாலையோ தமிழறிந்த உத்தியோகத்தரோ வேண்டுமென மனுச் செய்வோர், தம் மக்களிற் பாதிப்பேரைத் தாமே கழித்துவிட்டுச் செல்கின்றனர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. வறுமை, கல்வி, சிசு மரணம் முதலியவற்றைக் கூறும் அறிக்கைகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கும். இங்குத் தோட்டம் என்பது இனத்தின் பெயரன்று; 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதாய், பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் தங்கி வாழும் இடம் என்பதே வரைவிலக்கணம். சப்பிரகமுவாவின் இறப்பர்த் தோட்டங்களிற் சிங்களத் தொழிலாளரும் பலர். மறுபுறம், சிறு தோட்டத்திலோ கடைத்தெருவிலோ குடியிருக்கும் தமிழர் கிராமத்தினுள்ளும் நகரத்தினுள்ளும் எண்ணப்படுகின்றனர். ஆதலின் தோட்ட வீதத்தையும் கிராம வீதத்தையும் ஒப்பிட்டு அதனைத் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் உள்ள வேறுபாடென எழுதுதல் ஒவ்வாது. இறப்பு வீதத்தை ஒப்பிடுங்கால் வயதுப் பிரிவையும் பார்த்தல் வேண்டும். இளைஞர் தொழில் தேடிக் கொழும்பு சென்று முதியோர் எஞ்சிய லயத்தில், நோய் மிகாதபோதும் இறப்பு வீதம் உயர்ந்தே தோன்றும்.

கூட்டிப் பார்க்கும் முறையும் எல்லாவற்றிற்கும் மருந்தாகாது. நாட்டின் கூட்டுத்தொகையில் வடக்கு கிழக்கிலிருந்து வெளிநாடு சென்றோரின் குறைவும் கலந்துள்ளது. 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட காலத்தை இம்முறையால் அளத்தல் தகாது. மாவட்டக் கூட்டுத்தொகையோ பெயர் மாற்றத்தை மாத்திரம் திருத்தும். ஊர் மாற்றத்தைத் திருத்தாது.

ஊர் மாற்றமே சப்பிரகமுவாவின் பெருங்கதை. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு நீங்கின, வவுனியா முதலிய இடங்களிற் குடியேறினோரும் உளர். 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு நிகழ்ந்ததோ மார்ச்சு மாதத்தில். எனவே அவ்வாண்டு ஆகஸ்டிற் பெயர்ந்தோர் அதில் இரத்தினபுரியாராகவே நிற்கின்றனர். 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கு கிழக்கின் பெரும்பகுதி எண்ணப்படாது விடப்பட்டமையால், போனவர் போய்ச் சேர்ந்த இடத்திலும் பதிவாகவில்லை. ஒரு மாவட்டத்திலிருந்து நீங்கியோரை இருபது ஆண்டுகளுக்கு எந்த அட்டவணையும் காட்டாது.

இவ்விடைவெளியை நிரப்ப ஒரு வழியுண்டு. அது எம் தொழிலைச் சார்ந்தது. தோட்டப் பாடசாலைகளின் சேர்வு இடாப்பில் ஒவ்வொரு பிள்ளையின் சேர்ந்த திகதி, நீங்கிய திகதி, நீங்கிய காரணம் ஆகியன வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 1970 முதல் 1985 வரையுள்ள இடாப்புகளில், ஆண்டுதோறும் நீங்கிய பிள்ளைகளை மொத்தப் பிள்ளைகளின் நூற்றுவீதமாகக் கணித்து, 1977ஐயும் 1981ஐயும் அவற்றின் அயலாண்டுகளோடு ஒப்பிட்டால், எவ்வாண்டில் எத்தோட்டம் எவ்வளவு வெறுமையாயிற்று என்பது புலனாகும். சில பாடசாலைகளில் இவ்விடாப்புகள் கறையானுக்கு இரையாகிவிட்டன. எஞ்சியவற்றைப் படியெடுத்தற்கு ஒரு விடுமுறைக் காலமும் இரண்டு மூன்று உயர்தர வகுப்பு மாணவரும் போதும்.