வாதாடக் கற்பிப்பவர் யார்?

ஏழைக்கும் வழக்குரைஞர் உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு புகுந்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு 1995 நவம்பரில் நடப்புக்கு வந்தது. கேட்க இனிக்கிறது! ஆனால், அந்த வழக்குரைஞருக்கு அந்தப் பணியைக் கற்பித்தவர் யார், இன்றும் கற்பித்து வருபவர் யார் என்று நாம் கேட்டால், விடை அத்துணை இனிப்பாக வரவில்லை.

வளையமாதேவியில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் காரணம் உண்டு. 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எம்முடையதாயிற்று என்றது நிறுவனம். பயிர் என்னுடையதல்லவா என்றான் உழவன். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் கிளர்ச்சி, கல்வீச்சு, தடியடி, கைது! நிலத்தின் நியாயம் தனியே பேச வேண்டியது. காலையில் கழனியில் நின்றவன் மாலையில் நடுவர் முன் நிற்க நேரும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம். காவலில் இருக்கிறான் என்ற ஒன்றே போதும். வருமானம் பாராமல் அவனுக்கு இலவச வழக்குரைஞர் தர வேண்டும். முதன்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே தர வேண்டும் என்று 1981-இல், பகல்பூரில் கண் பறிக்கப்பட்டோரின் வழக்கில், உச்சநீதிமன்றம் கூறியது. சரி, வருகிறவர் என்ன தெரிந்தவர்?

தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022-இல் ஒரு திட்டம் வகுத்தது. பட்டியலில் பெயர் கொடுத்தவர், தம் கட்சிக்காரர் வேலை போக எஞ்சிய நேரத்தில் ஏழையைக் கவனித்த பழைய முறை போய், முழுநேர எதிர்வாதக் குழு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் தகுதி? தலைமை வழக்குரைஞருக்குப் பத்தாண்டு, துணைவருக்கு ஏழாண்டு, உதவியாளருக்கு மூன்றாண்டுக்குள் என்று ஆண்டுக் கணக்கே முன்னிற்கிறது. அனோகிலால் வழக்கில், வழக்குரைஞரை அமர்த்திய அதே நாளில் குற்றச்சாட்டும் வனையப்பட்டது. சில நாள்களில் தூக்குத் தண்டனை! அது கண்டு நெஞ்சு பதறிய உச்சநீதிமன்றமும், 2019-இல், இத்தகைய வழக்குகளுக்குப் பத்தாண்டு அனுபவமும், ஆயத்தம் செய்ய ஏழு நாளும் வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, எனினும் அளவுகோல் மீண்டும் ஆண்டுதானே! பத்தாண்டு நின்றவரெல்லாம் பத்தாண்டு கற்றவரா?

பயிற்சியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பாடநூல்கள் அச்சாகியுள்ளன, கைது வேளையில் ஆற்ற வேண்டிய கடமை பற்றி 2019-இல் ஆணையமே வழிமுறை வெளியிட்டது. ஆனால், வழக்குரைஞராகப் பதிவு செய்தவர் அதன்பின் வாழ்நாள் முழுதும் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இந்நாட்டில் இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1975-லேயே அக்கட்டாயத்தைக் கொண்டுவந்தது. வகுப்பறையில் நிற்கும் நம்மிடம் கல்வியியல் பட்டம் கேட்கிறார்கள்; வேலைக்கு வந்தபின்னும் பணியிடைப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள் (அங்கே சிலர் உறங்குவதும் உண்டு, அது வேறு!). நம் பிழையால் ஒரு மாணவனின் மதிப்பெண் குறையும். சிறைக்கதவின் முன் நிற்பவருக்கு அந்தக் கட்டாயம் வேண்டாமா?

2024 ஜூலை 1-க்குப் பின் இது இன்னும் அவசரமாகிவிட்டது. தமிழன் நாவில் புரளாத பெயர்களோடு மூன்று குற்றவியல் சட்டங்கள் வந்தன. கொலைக்கு 302 என்று மனப்பாடம் செய்தவர் இனி 103 என்று படிக்க வேண்டும். ஏழைக்கு அரசுச் செலவில் வழக்குரைஞர் தரும் 304-ஆம் பிரிவே 341 ஆகிவிட்டது. எண் மாறியது சிறு தொல்லை. நடைமுறை மாறிய இடங்களை ஒவ்வொன்றாய் அமர்ந்து கற்பித்தாக வேண்டும்.

கற்றவர் வந்தால் என்ன நடக்கும் என்பதை இதே வட்டாரம் கண்டிருக்கிறது. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாகண்ணு திரும்பவில்லை. அவர் மனைவிக்காக ஊதியமின்றி வாதாடினார் கே. சந்துரு. ஆள்கொணர்வு மனுவில் சாட்சிகளைக் கூண்டேற்றி விசாரிப்பது வழக்கமில்லை. கேரளத்தின் ராஜன் வழக்கை எடுத்துக்காட்டி அதற்கு வழி கண்டார். அந்த ஒரு முன்தீர்ப்பு அவருக்குத் தெரிந்திருந்தது! 2021-இல் திரைப்படமாகக் கண்டு கைதட்டினோம். கைதட்டிய நாம், அரசு அமர்த்தும் இளம் உதவி வழக்குரைஞருக்கு அவ்வித்தையைக் கற்பிக்க ஏற்பாடு உண்டா என்று கேட்டோமா?

கடலூரில் மாதம் ஒரு நாள் போதும், தொடங்கலாம். பிணக்கூறாய்வு அறிக்கையை மருத்துவர் ஒருவர் வரிவரியாக விளக்கட்டும், முடிந்த வழக்கொன்றை எடுத்துக் குறுக்கு விசாரணை ஒத்திகை நடக்கட்டும், மூத்தவர் திருத்தட்டும். வராதவரின் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம். அதையும் தமிழில் நடத்துக! 1976-இன் திருத்தச் சட்டத்தால் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சிக் கூண்டில் ஏறும் நடவுக்காரப் பெண்ணை இங்கிலீசில் பயின்ற கேள்வியால் விசாரிக்க முடியாது.