அழகும் இசைவும்: ‘அக்லீஸ்’ புதினத்தில் டேலியின் ஆளுமை வளர்ச்சி

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘அக்லீஸ்’ (2005), டிஸ்டோப்பியா எனப்படும் தீய எதிர்கால உலகைச் சித்திரிக்கும் இளையோர் புதினம். 16 வயது நிறைந்தோர் அனைவரையும் அறுவை சிகிச்சையால் அழகராக்கும் நகரம் இதன் களம். அச்சிகிச்சைக்காக ஏங்கும் சிறுமியாக அறிமுகமாகும் டேலி யங்பிளட், இறுதியிலும் அதற்கே உடன்படுகிறாள். தொடக்கமும் முடிவும் ஒன்றாயிருக்க, அவளது வளர்ச்சி எதில் அமைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊட்டப்பட்ட விருப்பம்

நகரச் சிறார் ஒருவரையொருவர் உடற்குறை சுட்டும் பட்டப்பெயர்களால் அழைக்கின்றனர். டேலியின் பட்டப்பெயர் கண்ணையும், தோழி ஷேயின் பட்டப்பெயர் உடல் மெலிவையும் சுட்டுகின்றன. தன் முகத்தைத் தானே வெறுக்கும் பயிற்சி இவ்வாறு விளையாட்டாகவே நடைபெறுகிறது. சிகிச்சையை மறுத்து ஷே ஸ்மோக் என்னும் காட்டுக் குடியிருப்புக்குத் தப்பியோடுகிறாள். அவளைக் காட்டிக்கொடுக்காவிடில் டேலி ஒருநாளும் அழகியாக முடியாது என்று டாக்டர் கேபிள் மிரட்ட, டேலி பணிகிறாள். அவளது முதல் இசைவு அச்சத்தில் பிறந்தது.

பார்வை மாற்றமும் அதன் எல்லையும்

வழியில் டேலி காணும் வெண்ணிற ஆர்க்கிட் மலர்வெளி குறிப்பிடத்தக்க படிமம். அரியதாயிருந்த அம்மலர் அளவிறந்து பெருகிப் பிற தாவரங்களை அழித்து நிலத்தைப் பாழாக்குகிறது. ஒரே வகை அழகு பல்லுயிர் வாழ்வை விழுங்கும் என்பதை அவள் உணருமுன்பே வாசகர் உணர்கின்றனர். சிகிச்சை முகத்தோடு மூளையையும் சிதைத்து மக்களைப் பணிவுடையோராக்குவதை மேடி, ஆஸ் என்னும் மருத்துவ இணையர் பின்னர் வெளிப்படுத்துகின்றனர். எனினும், அவர்தம் மகன் டேவிட் அழகி என்று கூறிய பின்னரே டேலி தன் முகத்தை ஏற்கத் தொடங்குகிறாள். அளவுகோல் மாறினும் அளப்பவர் பிறராகவே இருப்பது புதினத்தின் குறைபாடாகும்.

மௌனத்தின் விலை

மனம் மாறிய டேலி, உளவுக் கருவி பொருத்திய பதக்கத்தைத் தீயிலிடுகிறாள். உண்மையை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. கருவி அழியும்போதே பகைவர்க்குச் செய்தி அனுப்பிவிட, ஸ்மோக் அழிக்கப்படுகிறது. உள்ளத்தளவில் திருந்துவது போதாது, செய்ததை உரியோரிடம் ஒப்புக்கொள்வதும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

கட்டாயமாக அழகியாக்கப்பட்ட ஷே, மாற்று மருந்தை ஏற்க மறுக்கிறாள். இசைவின்றி மருந்தளிக்க மேடி உடன்படுவதில்லை. ஆகவே டேலி உண்மையை ஒப்புக்கொண்டு, சிந்தை தெளிந்திருக்கும்போதே மருந்துக்கு இசைவளித்து, தானே அழகியாகச் செல்கிறாள். செயல் பழையது, அதைச் செய்யும் அறிவு புதியது. எனினும் குற்றத்திற்கு ஈடாக அவள் தருவது மீண்டும் தன் உடலையே. அவ்விசைவு முழு விடுதலையா, கழுவாயா என்னும் வினாவை எழுப்பியே புதினம் நிறைவுறுகிறது.