இளங்கலை ஆய்வேடும் தமிழ் இருக்கையும்

நியூசெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவருள் பெரும்பாலோர், எத்துறையினராயினும், இறுதியாண்டில் தனி ஆய்வேடு அளிக்கின்றனர். வினாவைத் தாமே எழுப்பிச் சான்றுகொண்டு விடை காணும் பயிற்சி அது. போர்ட்டோ ரிக்கப் பெற்றோரின் மகளும் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியுமான சோனியா சோட்டோமேயர், 1976இல் அத்தீவின் தலைவர் லூயிஸ் முன்யோஸ் மரீனைப் பற்றியே தம் ஆய்வேட்டை எழுதினார். பெற்றோரின் மண் அங்கு ஆய்வுப்பொருளாயிற்று.

அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இவ்வாயில் திறந்தேயுள்ளது. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் 'பிளான் டூ' சிறப்புத் திட்டமும் ஆய்வேட்டை வேண்டுகிறது. பெர்க்லியில் தமிழ் இருக்கை 1990களிலேயே அமைந்தது. ஆயினும் இருக்கை நிறுவியதோடு பணி நிறைவுற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி பேசவும் எழுதவும் பயிற்றும். கல்வெட்டையும் சுவடியையும் மூலத்தில் வாசிக்கும் திறனை அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. அத்திறனின்றி எழுந்த ஆய்வேடு பிறர் மொழிபெயர்ப்பையே சார்ந்து நிற்கும்.

எனவே இளங்கலை மாணவர்க்கான மூலவாசிப்பு வகுப்பு இருக்கைகளின் முதற்கடமையாதல் வேண்டும். இது இலக்கிய மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் செப்புத்திருமேனிகளின் அளவுகளைப் பதிந்துள்ளன. சோழர் உலோகக் கலையை ஆராயும் வேதியியல் மாணவர்க்கும் அவ்வரிகள் சான்றே. அவற்றைத் தாமே படிக்கும் மாணவரை உருவாக்குவதே இருக்கையின் பயனை அளக்கும் கோல்.