கேட்டுக் கேட்டு அழிப்பது

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டுகிறவர்கள் ‘பில்ட்வேர்ல்ட்’ ஓடும் அழகைத்தான் சிலாகிப்பார்கள். கம்பைலர் முதல் ‘எல்எஸ்’ வரை எல்லாம் கண்ணெதிரே உருவாகும் காட்சி அது. என் மனம் லயிப்பது அதெல்லாம் முடிந்தபின் வரும் துப்புரவில்.

‘இன்ஸ்டால்வேர்ல்ட்’ பழையதன்மேல் புதியதை எழுதும். புதிய பதிப்பு கைவிட்டதைத் திரும்பிப் பார்க்காது. நீக்கப்பட்ட நிரலும் அதன் கையேட்டுப் பக்கமும் ஹெடர் கோப்பும் அப்படியே கிடக்கும். பழைய ஹெடர் ஒன்று போதும், அடுத்து கம்பைல் ஆகும் மென்பொருள் அதை நம்பி ஏமாற.

எது வேண்டாதது என்று வட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீக்கியவருக்குத்தான் தெரியும், அவரே எழுதிவைக்கிறார். மூல மரத்தின் மேல்தட்டிலேயே இருக்கிறது ‘அப்சலீட்ஃபைல்ஸ்.இன்க்’. எட்டு இலக்கத் தேதி, ஒருவரிக் காரணம், அடியில் கோப்புப் பாதைகள், புதியது மேலே. 2020-இல் ஜிசிசி 4.2.1 கம்பைலர் விடைபெற்றதும் அதில் பதிவாகியிருக்கிறது.

‘மேக் டெலீட்-ஓல்ட்’ அந்தப் பட்டியலோடு வந்து கோப்புக்குக் கோப்பு கேட்கும்: எடுத்துவிடவா? ‘ஒய்’ தட்டினால்தான் எடுக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் சிஸ்டம் தானே கொண்டுவந்து வைத்தவை. ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ பக்கம் நாம் நிறுவியதில் கை வைக்காது.

இதன் நுட்பம் லைப்ரரிகளை இப்போது தொடாததில் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டளை, ‘டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்’. பதிப்பு 13-இலிருந்து 14-க்கு ஏறியபோது நான் இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டினேன். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்து அதன் லைப்ரரி ‘லிப்கிரிப்டோ.எஸ்ஓ.30’ அமர்ந்திருந்தது, ‘லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111’ போய்விட்டது. பழைய பேக்கேஜிலிருந்த ‘கர்ல்’ கிளம்பவே இல்லை, அந்த 111-ஐக் காணோம் என்றது. எச்சரிக்கை திரையில் வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. முதலில் பேக்கேஜ்களைப் புதுப்பிக்க வேண்டும், எல்லாம் புதிய லைப்ரரிக்கு மாறிய பிறகே பழையதை எடுக்க வேண்டும். குடியிருப்பவர் போகுமுன் வீட்டை இடிக்கலாமா?

இப்போதெல்லாம் இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே ஓரிரு நாள் விடுகிறேன். கடைசியில், மிச்சம் ஏதும் உண்டா என்று பார்க்க ‘செக்-ஓல்ட்’. கோப்புகள், லைப்ரரிகள், அடைவுகள் என்று மூன்று தலைப்புகள் வரும். மூன்றின் கீழும் ஒன்றுமிருக்காது. இன்னொரு முறை ஓட்டி அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.