பனி நின்ற மறுநாள், குல்மார்க்கில்

குளிர்காலத்தில் குல்மார்க் போகிறவர்கள் நல்ல வெயில் அடிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வார்கள். நான் பனி கொட்ட வானம் இருட்ட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிற ஆள்! காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் கடுங்குளிர் நாற்பது நாள், டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரிக் கடைசி வரை. அந்த நாட்களில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் நெருங்குகிறது' என்று வானிலை அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஆப்கானிஸ்தான் தலைக்குமேல் நிற்கும் வெள்ளை மேகத்தைப் பார்த்து, "வா, வா, சீக்கிரம் வா" என்று வாய்விட்டே கூப்பிடுவேன். பக்கத்தில் யார் இருந்தாலும் கவலையில்லை.

அந்த மேகம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மத்தியதரைக் கடல் பக்கமிருந்து! அங்கே பிறந்து, உயரத்தில் ஓடும் மேலைக்காற்றில் ஏறி, ஈரான் கடந்து, பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, அப்படியே கொட்டுகிறது. கொட்டுவதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் ரொம்ப உயரத்தில் மெல்லிய இழை மேகங்கள், இரவில் நிலாவைச் சுற்றி ஒரு வட்டம், அப்புறம் திடீரென்று குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மேகம் மூடியதால் தரையின் சூடு தப்பிப் போக முடியவில்லை, அவ்வளவுதான். விவரம் தெரியாதவர் 'அப்பாடா, குளிர் குறைந்தது' என்பார். எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பிறகு பனி விழும். இரவெல்லாம் விழும். மலையேற்றிவிடும் கேபிள் கார், கோண்டோலா, ஓடாது, ரோடு மூடிக்கொள்ளும், சில சமயம் கரண்டும் போகும். போகட்டுமே! ஃபிரன் என்ற தொளதொள அங்கிக்குள் காங்கிரி என்ற கணப்புக் கூடையை அணைத்துக்கொண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புக் கரிக்கும் நூன் சாயை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் பனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வாக்கில் மேகத்துக்குள் ஆறு கை நட்சத்திரங்களாகப் படிகங்கள் வேகமாக வளர்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இடையிடையே காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. புதுப் பவுடர் பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று! அதனால்தான் அதில் கால் வைத்தால் சத்தமே வராது, ஊர்ச்சத்தத்தையும் அதுவே குடித்துவிடும்.

இப்போது கற்பனை பண்ணிப் பாருங்கள். விடிகிறது, ஒரு பொட்டு மேகம் இல்லை, கண் கூசும் நீலம். உடனே ஸ்கீயை மாட்டிக்கொண்டு ஓடிவிட முடியாது. பனி பெய்து ஓய்ந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் பனிச்சரிவுக்கு ரொம்ப ஆபத்தான நேரம், அதிலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்கள். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பலகையாக இறுக்கி வைத்திருக்கும், அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும். ஸ்கீ பேட்ரோல்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட வரும் வழிகாட்டி ஒரு குழி வெட்டி, சுவரில் விரலை வைத்து அடுக்கடுக்காகத் தடவிப் பார்ப்பார், பனியில் புதைந்தவரைத் தேட உதவும், மார்பில் கட்டிய டிரான்ஸீவர் வேலை செய்கிறதா, பையில் மண்வெட்டியும் துழாவுகோலும் இருக்கிறதா என்று எல்லாருடையதையும் சோதிப்பார். அந்தக் குழிச் சுவரில் ஒரு பருவத்து வானிலை முழுதும் எழுதியிருக்கிறது. இது போன வாரப் புயல், இது நடுவில் அடித்த வெயில், இது நேற்று ராத்திரி என்று அவர் தொட்டுக் காட்டக் காட்ட எனக்குச் சிலிர்க்கும்.

சரி, கிளம்பலாம் என்று அவர் தலையாட்டியதும், 2,650 மீட்டர் குல்மார்க்கிலிருந்து நடு நிலையமான கோங்டூரி, அங்கிருந்து அஃபர்வத் மலைத் தோளில் சுமார் 3,950 மீட்டர், கோண்டோலா கதவு திறக்கிறது, முகத்தில் குளிர் பளாரென்று அறைகிறது, மூக்கு முடி விறைக்கிறது, வடக்கே பார்த்தால் 8,126 மீட்டர் நங்க பர்வதம் கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் துல்லியமாக நிற்கிறது, கீழே ஒரு கால்தடம்கூட இல்லாத வெள்ளை, நான் ஸ்கீயைத் திருப்பி எடையை விடுகிறேன், ஐயோ, விழுகிறேனா மிதக்கிறேனா தெரியவில்லை, முழங்கால்வரை பனி பிளந்து பிளந்து ஒதுங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும் பொடி எழுந்து முகத்தில் மோதுகிறது, அது வெயிலில் மின்னுகிறது, வாய் நிறையப் பனி, வாய் நிறையச் சிரிப்பு, பூர்ஜ மரங்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, நான் கத்துகிறேன், தமிழில்தான் கத்துகிறேன், "அம்மா! அம்மா!" என்று, யாருக்கும் புரியாது, ஆனாலும் முன்னால் போகிற வழிகாட்டி திரும்பிப் பார்த்துத் தானும் கத்துகிறார், கீழே வந்து நின்றபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குளிரால் என்று சொன்னால் பொய்.

எல்லா வருஷமும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் மாதம் முடியப்போகும் வரை குல்மார்க் மைதானம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. ஆனால் மாதக் கடைசியில் கொட்டத் தொடங்கியது பாருங்கள், பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே அங்கு நடந்தன!

நீங்கள் போவதாக இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், சனி ஞாயிறு என்று ஒட்டி டிக்கெட் போடாதீர்கள். ஒரு வாரமாவது கையில் வையுங்கள். மேகம் வந்து கோண்டோலா நின்றுபோனால் அறையைக் காலி பண்ணிவிட்டு ஓடாதீர்கள், இன்னொரு நூன் சாய் சொல்லுங்கள். மேகம் கலைந்ததும் வழிகாட்டியை வடக்குப் பார்த்த சரிவாகக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், வெயில் அதிகம் படாத அங்கேதான் பவுடர் நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். குல்மார்க் அடிவாரத்துத் தங்மார்க்கில் இறங்கும்போதே அடுத்த டிஸ்டர்பன்ஸ் எப்போது என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள், நான் கேட்பேன்!