நல்லியக்கோடனும் நகரப் பேருந்தும்

திண்டிவனம் வழியே நாளும் சென்றுவரும் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர், அந்நகரை ஒட்டிய கிடங்கல்தான் சங்க இலக்கியம் பேசும் கிடங்கில் என்பதை? ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர் அது. அவனைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடிய நூல் சிறுபாணாற்றுப்படை.

அந்நூலில் நம் நெஞ்சை உலுக்கும் இடம் மன்னனின் மாளிகை அன்று, பாணனின் அடுக்களை! குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு உண்கிறாள் ஒருத்தி. வறுமையினும் கொடியது, வறுமையை மறைக்க வேண்டிய வெட்கம். அதைக் கண்ட புலவரின் கண் கூர்மையானது, போற்றுகிறோம்.

ஆனால், அடைபட்ட அந்தக் கதவைத் திறக்க நூல் காட்டும் வழி என்ன? மன்னனிடம் செல்; யாழை மீட்டு; அவன் புகழ் பாடு; பரிசில் பெறு! வள்ளல்கள் எழுவர் சுமந்த ஈகை என்னும் சுமையை இவன் ஒருவனே தாங்குகிறான் என்று பாராட்டு வேறு. மன்னனின் களஞ்சியத்து நெல்லை விளைவித்தவன் எவன்? விளைவித்தவன் வீட்டில் உலை ஏன் கொதிக்கவில்லை? இக்கேள்விகள் எழவில்லை. முடியரசுக் காலத்துப் புலவரை இதற்காகக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. குடியரசில் வாழும் நாம் இன்னும் ஆற்றுப்படைக் காலத்து மனத்தோடு உலவுகிறோமே, அதுதான் நம் கவலை.

சான்று வேண்டுமா? 2021 மே மாதம், சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. வயலுக்கும் ஆலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் பெண், கணவனிடமோ தந்தையிடமோ சில்லறைக்குக் கை நீட்டாமல் படியேறினாள். 1997 வரை தந்தை பெரியார் பெயரைத் தாங்கி நின்ற போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம் விழுப்புரம். அம்மண்ணில் இத்திட்டத்தின் பொருளை விளக்கவும் வேண்டுமோ? ஆயினும், 2022 செப்டம்பரில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் பொன்முடியின் வாயிலிருந்தே வந்தது ‘ஓசி’ என்ற சொல்! வேடிக்கைப் பேச்சாகவே இருக்கட்டும். வேடிக்கையில்தான் உள்ளம் வெளிப்படும். நல்லியக்கோடன் நாற்காலியில் தம்மை அமர்த்திக்கொண்டவருக்கே பயணி பாணனாகத் தெரிவாள். அவள் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் வரி இருக்கிறது. அந்த வரி பேருந்தாக ஓடுகிறது. தன் பணத்தில் ஓடும் வண்டியில் ஏறுகிறவள் எப்படி ஓசிப் பயணி ஆவாள்?

2022 ஜூலையில் இந்தியத் தலைமை அமைச்சர், இத்தகைய திட்டங்களை இனிப்பு வழங்கும் பண்பாடு என்று எள்ளினார். 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களின் அடிப்படை வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தபோது அதற்கு என்ன பெயர் சூட்டினர்? ‘ஊக்கம்’! ஏழைக்குத் தந்தால் இனிப்பு, செல்வனுக்குத் தந்தால் ஊக்கம். சொல்லிலும் வருணாசிரமம் உண்டு, தோழர்களே!

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். பார்க்க அஞ்சுவது பகுத்தறிவாகாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் தாக்கியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம். டிசம்பர் 3 அன்று இருவேல்பட்டில் உதவி கேட்டு மக்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். அங்கு சென்ற அதே அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. வீட்டை இழந்தோரின் சினம் நியாயம். உதவி கேட்டது உரிமை. மறியலும் மக்களாட்சியின் மொழிதான். சேறு எந்த மொழி? அது ஆள்வோனைக் கணக்குக் கேட்பதில்லை. மாறாக, கணக்குச் சொல்லாமல் தப்பிச் செல்ல அவனுக்கு வழி திறந்துவிடுகிறது.

சேற்றினும் இழிந்தது ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டனர், அரிய பெயர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் வைத்தனர். மாடி வீட்டில் அமர்ந்துகொண்டு பொய்க்கணக்கு எழுதி அதற்குக் கை நீட்டுபவன், கதவடைத்துக் கீரை உண்பவளின் கலத்திலிருந்து திருடுகிறான். நியாயவிலை அரிசியைத் தரகனுக்கு விற்பவனும் அவன் கூட்டாளியே. எல்லோரினும் மேலாக, வாக்குக்குப் பணம் பெறுகிறவன்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன்னையே விற்றுவிட்டு, இடையில் எந்த வாயால் உரிமை பேசுவான்? அமைச்சர் சொன்ன பழிச்சொல்லுக்குத் தானே கையொப்பமிடுகிறான் அன்றோ?

இதைக் காட்டி, “பொறுப்பில்லாதவர்க்கு உரிமை எதற்கு?” என்று சிலர் கிளம்புவர். அந்தக் குரலுக்கும் நாம் செவி சாய்க்க மாட்டோம். 1920-இல் நீதிக்கட்சித் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தபோது, நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. பசித்த வயிறே போதிய சான்றிதழ். பொறுப்பு, உரிமைக்குக் கொடுக்கும் விலையன்று. உரிமைக்கு வைக்கும் காவல். காவல் இல்லாத உரிமை மெல்ல மெல்லச் சலுகையாகும், சலுகை பிச்சையாகும், பிச்சையிடுவோன் மீண்டும் மன்னனாவான்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள இளைஞர்களே! உங்கள் ஊர்க் கிராம சபைக்குச் செல்லுங்கள். நியாயவிலைக் கடையின் இருப்புப் பலகையைப் படியுங்கள். மறைத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தால் கேளுங்கள். ஏரி வாய்க்காலை அடைத்திருப்பவன் உங்கள் மாமனே ஆனாலும் சுட்டுங்கள். வாக்குக்கு வரும் பணத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆள்வோரைப் பாட யாழ் வேண்டாம். எறியச் சேறும் வேண்டாம். கணக்கேடு ஒன்று போதும்.