எழுபத்தேழின் முன்வரிசை

1977 மே 28ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வீழ்த்தி, 1965க்குப் பிறகு முதல்முறையாக மலேசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் வென்றது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் குவா கிம் சோங் அடித்த வெற்றி கோலும் பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீயின் கண்டிப்பும்தான் முதலில் வரும். வரட்டும், இரண்டுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் ஆட்டத்தை ரசித்துப் பார்ப்பவருக்கு அந்த அணி வைத்திருந்த பெரிய விருந்து வேறு. அதன் தாக்குதல் வரிசையில் ஒருவர் ஆட்டத்துக்கும் இன்னொருவர் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வரிசையின் பலமே அதுதான் என்பது என் கட்சி.

குவாவிடம் வேகம், அதற்கு மேல் தலையால் முட்டும் திறமை. ‘கெலெக் கிங்’ என்று பெயரெடுத்த டோலா காசிம் அவசரமே படமாட்டார். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக் காட்டி, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் போய்விடுவார். ஓரத்தில் மாட் நோ. இவர்களோடு எஸ். ராஜகோபாலின் ‘பனானா கிக்’. கார்னரிலிருந்து அவர் உதைத்த பந்து வெளியே போவதுபோல் போக்குக் காட்டி, வளைந்து நேராக வலைக்கே வரக்கூடியது. இப்போது ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். குவாவுக்குப் பயந்து பின்னால் தள்ளி நின்றால் டோலாவுக்குப் பந்தோடு விளையாட இடம் கிடைக்கும். டோலாவை ஒட்டி நின்றால் முதுகுக்குப் பின்னால் குவா ஓடிவிடுவார். கார்னரில் ராஜகோபாலின் வளைவுக்காகக் கோல்காப்பாளர் கோட்டிலேயே நின்றால், நடுவில் தலையால் முட்ட வருபவரை யார் தடுப்பது?

பந்தைக் கையால் வீசி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து, வகை கலந்து எதிரணியைத் திணறடிக்கும் இதே கலையை வெளிப்படையாகவே செய்கிறது. அங்கே ஒவ்வோர் ஆட்டத்துணுக்குக்கும் ஆளை மாற்றலாம். பந்தோடு ஓடுபவர் ஒருவர், எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் கனத்த ‘டைட் எண்ட்’ ஒருவர் என்றால் அந்தக் கூட்டணி ‘11’. டைட் எண்ட் இருவரானால் ‘12’. கனத்த ஆட்களை இறக்கினால் எதிரணியும் கனத்தவர்களை இறக்கியாக வேண்டும், உடனே அவர்கள் தலைக்கு மேல் பந்தை வீசிவிடலாம். தாக்கும் அணி ஆளை மாற்றினால் தற்காக்கும் அணிக்கும் மாற்ற நடுவர் அவகாசம் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. சூழ்ச்சி அவ்வளவு கூர்மையானது! நம் காற்பந்தில் அந்த வசதி இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் சொற்பம், போனவர் திரும்ப வரவும் முடியாது. அதனால் அத்தனை வகையும் ஒரே நேரத்தில் திடலில் நின்றாக வேண்டும். எழுபத்தேழு அணியில் நின்றது.

நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், வென்றார்கள், இதில் கலை எங்கே என்று கேட்கலாம். நான்கு குவாக்கள் இருந்திருந்தாலும் நல்ல ஆட்டக்காரர்கள் நால்வர்தான். ஆனால் எல்லோரையும் பின்னால் இழுத்து நிறுத்தி ஒரே மருந்தில் பினாங்கு சமாளித்திருக்கும். 90 நிமிடத்தில் 2-2 தானே, அப்படி என்ன திணறடித்தார்கள் என்ற கேள்வி இன்னும் வலுவானது. பினாங்கு பலமான அணி, மறுக்கவில்லை. ஆனால் இருவேறு ஆபத்துகளுக்கு நடுவே நின்று நின்று முடிவெடுக்கும் களைப்பு ஓடும் களைப்போடு சேரும்போது, கூடுதல் நேரத்தில் வேகக்காரருக்குத்தான் லாபம். சூ உடல்வலுவைக் கசக்கிப் பிழிந்து வளர்த்ததும் அங்கேதான் பலித்தது. வெற்றி கோல் குவாவுடையது என்பதை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தனை வகை எப்படி வந்தது? சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய ஃபேரர் பார்க், தேசிய ஆட்டக்காரர்கள் பலர் பழகிய காற்பந்துத் திடல். இங்கே ஒரே வார்ப்பில் ஆளை வார்க்கும் பழக்கம் அப்போது இல்லை. பின்னாளில், 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் அப்பாஸ் சாத் மூன்று கோல் போட, பஹாங்கை 4-0 என்று சிங்கப்பூர் நொறுக்கியது. 77 அணியும் 94 அணியும் மோதினால் என் பணத்தை 94 மேல்தான் கட்டுவேன். பார்த்து ரசிக்க மட்டும் 77 போதும்.